ஒரே வேர், இரண்டு உறுமல்: 5150-உம் ரெக்டிஃபயரும்

கனத்த ராக் இசை வாசிக்கும் கிட்டார்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு கிளம்பாமல் இருப்பதில்லை. பீவி 5150-ஆ, மெஸா பூகி டூயல் ரெக்டிஃபயரா? இரண்டும் அமெரிக்காவில் பிறந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். இரண்டும் 1990-களின் தொடக்கத்தில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் கடைக்கு வந்தவை. அதற்குப் பிறகு வந்த மெட்டல் ஒலிப்பதிவுகளில் இவற்றுக்கு இருக்கும் பங்கு வேறெந்த ஜோடிக்கும் கிடையாது.

வழக்கில் இரு தரப்பும் பேசும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 5150 இறுக்கமாக நிற்கும், நடு ஒலியில் கடிக்கும், பிக் பட்ட கணமே பதில் சொல்லும். ரெக்டிஃபயர் அகலமாக விரியும், அடியில் புரளும், மேலே சீறும், பதில் சொல்லச் சற்று நேரம் எடுக்கும். இந்த வர்ணனையில் தவறில்லை. ஆனால் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதிக்கு மேல் தவறு என்பது என் கட்சி. ஒன்றில் கெயின் அதிகம், மற்றதில் குறைவு என்பார்கள். ஒன்றில் வால்வு ரெக்டிஃபயர் இருக்கிறது, மற்றதில் இல்லை என்பார்கள். இரண்டும் ஓரளவுக்கே உண்மை. இந்த ஆம்ப்கள் பிரியும் இடம் வேறு. அடி ஒலி டிஸ்டார்ஷனுக்குள் எவ்வளவு போகிறது, வெளியே வரும்போது ஸ்பீக்கரை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் முடிச்சு இருக்கிறது.

முதலில் இரண்டின் பூர்வீகம். மைக் சோல்டானோ என்ற ஆம்ப் வடிவமைப்பாளர் 1987-இல் எஸ்.எல்.ஓ.-100 என்றொரு ஆம்பைக் கொண்டுவந்தார். சூப்பர் லீட் ஓவர்டிரைவ் என்பது அதன் முழுப் பெயர். அதற்கு முன் மார்ஷல் ஆம்ப்களை எடுத்து உள்ளே கூடுதல் வால்வு செருகி மாற்றியமைப்பது கலிஃபோர்னியாவில் ஒரு தனித் தொழிலாகவே நடந்தது. அந்த முயற்சிகள் தேடிக்கொண்டிருந்த ஒலியை எஸ்.எல்.ஓ. முழுமையான ஒரு கருவியாகக் கையில் கொடுத்தது. அதன் உயிர்நிலை மூன்றாவது கெயின் கட்டம். அங்கே வால்வின் கேத்தோடில் 39 கிலோ ஓம் மின்தடை இருக்கும். வழக்கமாக அந்த இடத்தில் ஒன்றிரண்டு கிலோ ஓம்தான் இருக்கும். இதனால் அந்த வால்வு கிட்டத்தட்ட அணைந்த நிலையிலேயே நிற்கும். வரும் அலையின் ஒரு பக்கத்தை மட்டும் கடுமையாக வெட்டி எறியும். ஆம்ப் மெக்கானிக்குகள் இதைக் கோல்ட் கிளிப்பர் என்கிறார்கள். அலை இப்படி ஒருபக்கமாக வெட்டுப்படும்போது எழும் மேற்சுரங்கள்தான் நவீன மெட்டல் ஒலியின் அந்தத் தடித்த, மணல் கலந்த உறுமலுக்கு அடிப்படை.

வான் ஹேலன் குழுவின் கிட்டார்காரர் எடி வான் ஹேலன், அந்தக் குழுவின் 1991 ஆல்பத்துக்கு சோல்டானோவை வாசித்தார். பிறகு மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் ஊரில் இருந்த பீவி நிறுவனத்தோடு சேர்ந்தார். அங்கே பொறியாளர் ஜேம்ஸ் பிரௌன் அவருக்காக வடிவமைத்ததுதான் 5150. எடியின் வீட்டு ஸ்டூடியோவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அது 1992-இல் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் மெஸா பூகியின் ராண்டல் ஸ்மித் டூயல் ரெக்டிஃபயரை வெளியிட்டார். இரண்டின் சர்க்யூட் படத்தையும் எஸ்.எல்.ஓ. படத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தால் உறவுமுறை பளிச்சென்று தெரியும். ரெக்டிஃபயரின் முன்பகுதி எஸ்.எல்.ஓ.வை மிக நெருக்கமாகப் பின்பற்றுகிறது. 5150 அதே குடும்பம்தான், ஆனால் லீட் சேனலில் ஒரு கெயின் கட்டம் கூடுதல்.

ஆக, பங்காளிகளுக்குள் நடக்கும் வழக்கு இது. இரண்டிலும் முன்பகுதியில் 12ஏஎக்ஸ்7 வால்வுகள், பின்பகுதியில் நான்கு 6எல்6. பீவி 120 வாட், மெஸா 100 வாட். இந்த 20 வாட் வித்தியாசத்தைப் பெரிதாகப் பேசுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் 0.8 டெசிபெல்தான் வருகிறது. காது அதைச் சத்தம் என்றுகூட எடுத்துக்கொள்ளாது. கூடுதல் கெயின் கட்டம் பற்றிய பேச்சும் அப்படியே. 5150-இன் லீட் சேனலில் முன்கெயின் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி ரிதம் வாசிக்கிறவர் அரிது. ரெக்டிஃபயரிலும் முழுக் கெயின் வைத்தால் ஒலி கூழாகிவிடும். இரண்டுமே தேவைக்கு மேல் கொடுக்கக்கூடியவை என்னும்போது, எது அதிகம் கொடுக்கும் என்ற கேள்விக்கு அர்த்தம் இல்லை.

கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு இப்போது வருகிறேன். டிஸ்டார்ஷன் என்றால் ஒலியைப் பெரிதாக்கி நுனியை வெட்டுவது மட்டும் இல்லை. இரண்டு சுரங்களை ஒன்றாகச் செலுத்தினால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களை அது பிறப்பிக்கும். சாதாரண பவர் கார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறாம் தந்தி ஈ சுரம் 82.4 ஹெர்ட்ஸ். அதோடு சேரும் பி 123.5 ஹெர்ட்ஸ். கழித்தால் 41 ஹெர்ட்ஸ். ஈ-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஈ அது. கிட்டார் எழுப்பாத, பேஸ் கிட்டாரின் எல்லைக்குள் வரும் சுரத்தை ஆம்ப் தானே உண்டாக்குகிறது. பவர் கார்டுக்கு அந்தக் கனம் வருவது இதனால்தான். இதே சங்கதிதான் தொல்லையும் தருகிறது. கீழ் அதிர்வெண்கள் டிஸ்டார்ஷனுக்குள் அதிகம் போகப் போக, கீழே பிறக்கும் சுரங்களும் கூடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சேறாகிவிடுகின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு வால்வுக் கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் உண்டு. தந்தியை உள்ளங்கையால் அடக்கி ஓங்கி அடிக்கும்போது முதலில் வருவது கனமான ஓர் அடி ஒலித் துடிப்பு. அது அடுத்த வால்வின் கிரிடை மீறி அடிக்கும். கெப்பாசிட்டர் மின்னேற்றமாகும். அது வடியும்வரை அந்த வால்வு மூச்சுமுட்டிக் கிடக்கும். வடிய எடுக்கும் நேரம் கெப்பாசிட்டரின் அளவைப் பொறுத்தது. வால்வு ஆம்ப்களில் அடிக்கடி காணும் 22 நேனோ ஃபாரட் கெப்பாசிட்டரும் ஒரு மெகா ஓம் தடையும் சேர்ந்தால் காலமாறிலி 22 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் ஒரு துடிப்புக்கு நான்கு அடி வீதம் வாசித்தால், அடிக்கும் அடிக்கும் இடையே இருப்பதே 75 மில்லி விநாடிதான். அதில் கணிசமான பங்கு மீள்வதிலேயே போய்விடும். கெப்பாசிட்டரைப் பத்தில் ஒன்றாக்கினால் மீட்சி பத்து மடங்கு வேகமாகும், உள்ளே போகும் அடி ஒலியும் குறையும். இறுக்கம், தளர்ச்சி என்று நாம் சொல்வதன் பெரும்பகுதி இந்த ஒரு விஷயத்தில் அடக்கம். கையில் உணர்வதாலேயே பலர் இதை ஒலி என்று சொல்லாமல் உணர்வு என்கிறார்கள். அளந்து பார்க்கக்கூடிய உணர்வுதான் அது.

மெஸாவின் பழைய மார்க் வரிசை ஆம்ப்கள் இதற்கு நல்ல சாட்சி. அவற்றில் பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கும். அதற்குப் பின்னால் ஐந்து நகர்த்திகள் கொண்ட கிராஃபிக் ஈக்வலைசர் தனியாக உண்டு. மார்க் ஆம்ப் வாசித்துப் பழகியவர்கள் பேஸ் குமிழைக் கிட்டத்தட்ட பூஜ்யத்தில் வைத்துவிட்டு, வேண்டிய அடி ஒலியைப் பின்னால் உள்ள ஈக்வலைசரில் ஏற்றிக்கொள்வார்கள். மெட்டாலிகாவின் 1986 ஆல்பமான மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸில் கேட்கும் அந்த வெட்டுக்கத்தி ரிதம் மார்க் டூ-சி பிளஸ் என்ற மாடலின் ஒலி. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வெட்டு, பின்னால் சேர் என்ற சூத்திரத்தை அந்த ஆல்பம் முழுக்கக் கேட்கலாம்.

ரெக்டிஃபயரிலும் 5150-இலும் இந்த வசதி கிடையாது. இரண்டிலும் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால். அதனால் பேஸ் குமிழைக் குறைத்தால் வெளியே வரும் அடி ஒலி குறையுமே தவிர, உள்ளே ஏற்கெனவே உண்டான சேறு தெளியாது. உள்ளே எவ்வளவு போகும் என்பதை வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். ராண்டல் ஸ்மித் ரெக்டிஃபயரில் தாராளமாக விட்டார். பீவியில் கொஞ்சம் கட்டிப்பிடித்தார்கள். எடி வாசித்த இசையை நினைத்தால் பீவியின் முடிவு புரியும். விரல் பறக்கும் லீட், நடு ஒலி பொங்கும் ரிதம், அவ்வளவாகத் தாழ்த்தாத சுருதி. அந்த இறுக்கம் பின்னாளில் டெத் மெட்டல்காரர்களுக்கும் திராஷ்காரர்களுக்கும் கை கொடுக்கும் என்று அன்று யாரும் திட்டமிட்டதாகத் தெரியவில்லை. மெஷின் ஹெட் குழுவின் 1994 ஆல்பமான பர்ன் மை ஐஸில் ராப் ஃபிளின் 5150-ஐ வாசித்தார், காலின் ரிச்சர்ட்சன் தயாரித்தார். அந்த ஒலியைக் கேட்டபின் ஐரோப்பிய மெட்டல் ஸ்டூடியோக்களில் 5150 ஒரு வீட்டுப் பொருள் ஆகிவிட்டது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பரிகாரம் உண்டு. அது இந்த ஆய்வுக்கே ஒரு சோதனையாகிறது. ஐபனெஸ் ட்யூப் ஸ்கிரீமர் என்ற பச்சைப் பெடலை ஆம்புக்கு முன்னால் வைத்து, டிரைவ் குமிழைப் பூஜ்யத்திலும் லெவல் குமிழை உச்சத்திலும் வைப்பார்கள். பார்க்கிறவர்களுக்குப் புரியாது. ஏற்கெனவே கெயின் வழிகிற ஆம்புக்கு மேலும் ஓர் ஓவர்டிரைவ் எதற்கு? அந்தப் பெடலின் கெயின் பகுதியில் 4.7 கிலோ ஓமும் 47 நேனோ ஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸில் ஓர் எல்லை போடுகின்றன. அதற்குக் கீழே உள்ள ஒலிகளுக்குப் படிப்படியாகக் குறைந்த பெருக்கமே கிடைக்கும். ஆக இங்கே அது ஓவர்டிரைவாக வேலை செய்வதில்லை. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் நிற்கும் பேஸ் வெட்டியாக வேலை செய்கிறது. இதைப் போட்டதும் 5150 இன்னும் கொஞ்சம் இறுகும். ரெக்டிஃபயரோ ஆளே மாறிவிடும். புரளல் நின்று, 5150-க்குப் பக்கத்தில் வந்து உட்காரும். தளர்ச்சி அந்த ஆம்பின் பிறவிக்குணமாக மட்டும் இருந்தால் வெளியே வைத்த ஒரு சிறிய வடிகட்டியால் அதைத் திருத்த முடியாது. உள்ளே போகும் அடி ஒலிதான் காரணம் என்பதற்கு இதைவிட நேரான நிரூபணம் எனக்குத் தெரியாது.

ஆனால் பெடல் வைத்த பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சும். கார்டை அடித்து நீள விட்டால் ரெக்டிஃபயர் அறையை நிரப்பும். 5150 முகத்துக்கு நேரே நின்று பேசும். அதற்குக் காரணம் பின்பகுதியில் இருக்கிறது.

பெரும்பாலான பெரிய வால்வு ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியில் ஒரு சிறு பங்கைப் பின்னோக்கி எடுத்துவந்து, தலைகீழாக்கி, பவர் பகுதியின் வாசலில் சேர்ப்பார்கள். நெகடிவ் ஃபீட்பேக் என்பது இதுதான். இது ஸ்பீக்கரின் கடிவாளம். ஸ்பீக்கர் என்பது 8 ஓம், 16 ஓம் என்று பெட்டியில் எழுதியிருப்பதுபோல ஒரே எண்ணில் நிற்பதில்லை. தாழ்ந்த ஒத்ததிர்வு அதிர்வெண்ணில், அதாவது மூடிய கேபினட்டில் சுமார் நூறு ஹெர்ட்ஸை ஒட்டி, அதன் மின்மறுப்பு பல மடங்கு எகிறும். மேல் அதிர்வெண்களிலும் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஃபீட்பேக் இருக்கும் ஆம்ப் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெருமளவு சமன் செய்துவிடும். இல்லாத ஆம்ப் ஸ்பீக்கரின் போக்குக்கே போகும். எங்கே மின்மறுப்பு அதிகமோ அங்கே ஒலியும் அதிகமாகும்.

ரெக்டிஃபயரின் சிவப்பு சேனலில் மாடர்ன் என்ற நிலையில் ஃபீட்பேக்கைத் துண்டித்துவிடுகிறார்கள். உடனே அடி ஒலி உப்பும், மேல் ஒலி பளபளக்கும், இரண்டுக்கும் நடுவே பள்ளம் விழுந்ததுபோலத் தோன்றும். நடு ஒலியை யாரும் குறைக்கவில்லை. இரு ஓரங்களும் உயர்ந்துவிட்டன. 5150-இல் ஃபீட்பேக் எப்போதும் இணைந்தே இருக்கும். அதன் மேல் ஒலிப் பங்கைக் குறைக்க பிரசன்ஸ், அடி ஒலிப் பங்கைக் குறைக்க ரெசொனன்ஸ் என இரண்டு குமிழ்கள். கடிவாளத்தை எவ்வளவு தளர்த்துவது என்பதை வாசிக்கிறவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். ரெசொனன்ஸைத் திருப்பும்போது ஒத்ததிர்வின் அருகில் மட்டும் ஒலி பருக்கும். சாதாரண பேஸ் குமிழால் இதைச் செய்ய முடியாது. ரெக்டிஃபயர் மாடர்ன் நிலையில் முழுவதும் அவிழ்த்துவிட்ட ஆம்ப். 5150 வேண்டிய அளவு அவிழ்க்கக்கூடிய ஆம்ப். ஒலியின் குணம் என்று வரும்போது இந்த வித்தியாசத்தை நான் எல்லாவற்றிலும் மேலாக வைப்பேன்.

இதை அறிந்தவுடன், ரெக்டிஃபயரை வின்டேஜ் என்ற அதன் இன்னொரு நிலையில் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஃபீட்பேக் திரும்ப வரும், நடு ஒலி எழும், பாதி வழக்கு அங்கேயே சமாதானமாகும். இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களில் பலர் ரெக்டிஃபயரை மாடர்ன் நிலையில் மட்டுமே கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஆம்புக்கே பெயர் கொடுத்த சமாசாரத்துக்கு வருவோம். வீட்டு மின்சாரம் திசைமாறு மின்சாரம். ஆம்புக்குள் அதை நேர் மின்சாரமாக்க ரெக்டிஃபயர் வேண்டும். பழைய ஆம்ப்களில் அதற்கும் ஒரு வால்வு. பிறகு சிலிக்கான் டயோடு வந்தது. ராண்டல் ஸ்மித் இரண்டையும் வைத்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்ச் போட்டார். டூயல் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. டூயல் மாடலில் இரண்டு 5யு4 வால்வுகள். 150 வாட் டிரிபிள் ரெக்டிஃபயர் மாடலில் மூன்று, அதற்கேற்ப ஆறு 6எல்6. வால்வு ரெக்டிஃபயருக்கு உள்தடை அதிகம். ஆம்ப் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறும். தாக்குதல் மழுங்கி, பின்னால் ஒலி பொங்குவதுபோல் இருக்கும். ப்ளூஸ் வாசிப்பவர்கள் இதற்காக உயிரைக் கொடுப்பார்கள்.

ஆனால் கனத்த ரிதத்தில் டிஸ்டார்ஷன் முழுக்க முன்பகுதியிலேயே நடந்துவிடுகிறது. வீட்டிலோ ஒத்திகை அறையிலோ மாஸ்டர் குமிழ் கால்வாசிகூடத் திரும்பாத நிலையில், பவர் வால்வுகள் மின்சாரத்தை அதிகம் கேட்பதில்லை. கேட்காதபோது மின்னழுத்தம் தாழ்வதற்கே இடமில்லை. போதாததற்கு, இரண்டு 5யு4 சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெரிய மேடையில், பெரிய சத்தத்தில் வித்தியாசம் தெரியும். மற்றபடி, ஆம்பின் பெயரிலேயே இருக்கும் உறுப்பு அதன் ஒலிக்குச் செய்வது மிகக் குறைவு. பின்பலகையில் இருக்கும் போல்ட், ஸ்பாஞ்சி என்ற இன்னொரு சுவிட்ச் இதைவிடத் துலக்கமாகக் கேட்கும். ஸ்பாஞ்சியில் ஆம்ப் முழுவதற்கும் போகும் மின்னழுத்தமே குறைகிறது. எடி வான் ஹேலன் தன் பழைய மார்ஷலை வேரியாக் என்ற கருவியில் மாட்டி மின்னழுத்தத்தைக் குறைத்து வாசித்த கதையை அறிந்தவர்களுக்கு இது ருசியான செய்தி. அவருடைய இளமைக்கால வித்தை அவர் பெயர் தாங்கிய ஆம்பில் வரவில்லை; எதிர் முகாமின் பின்பலகையில் சுவிட்சாக உட்கார்ந்திருக்கிறது.

பவர் வால்வுகளின் பயஸ், அதாவது வாசிக்காதபோது அவற்றில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு, பற்றியும் ஒரு வார்த்தை. 5150-இல் அது மாற்ற முடியாதபடி, குளிர்ந்த பக்கமாக நிலைப்படுத்தப்பட்டது. வால்வுகள் நீண்டகாலம் உழைக்கும், ஆனால் மெல்லிய வாசிப்பில் ஒரு வறட்சி தெரியும். இதற்காகவே பயஸ் திருத்தம் செய்து கொடுக்கும் மெக்கானிக்குகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். மெஸாவிலும் பயஸ் குமிழ் இல்லை. நிறுவனம் தேர்ந்து கொடுக்கும் வால்வுகளைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். உயர்ந்த கெயினில் இதன் பங்கு சிறியது.

குமிழ்களின் நடத்தையும் ஒப்பீட்டைக் குழப்பும். ரெக்டிஃபயரில் ட்ரெபிள் குமிழுக்கு ஏகபோக அதிகாரம். அது உயர்ந்திருந்தால் மிட்டும் பேஸும் செல்லாக்காசாகும். தாழ்த்தினால்தான் அவற்றுக்கு உயிர் வரும். எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து இரண்டு ஆம்பையும் ஒப்பிடுவோம் என்று தொடங்குகிறவர் நியாயமாக இருப்பதாக நினைக்கிறார். ஒரு ஆம்பின் நடு என்பது மற்ற ஆம்பின் நடு இல்லை. ரெக்டிஃபயரில் பேஸைக் கீழே இறக்கி, மிட்டை ஏற்றி, பிரசன்ஸை அடக்கி வாசிப்பது அதன் சொந்தக்காரர்களின் பழக்கம். நடுவில் வைத்தால் அது தன் மோசமான முகத்தைக் காட்டும். 5150-இல் இரண்டு சேனலுக்கும் ஒரே ஈக்வலைசர், அதனால் லீடுக்கு ஒத்துவருவது ரிதத்துக்கு ஒத்துவராது. இரண்டையும் அதனதன் நல்ல நிலையில் வைத்து ஒப்பிடுவதுதான் முறை. அப்படிச் செய்யும்போது அளவுகோல் வாசிப்பவரின் ரசனையாகிவிடும், அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கேபினட். பீவி தன் 5150 கேபினட்டில் சொந்தத் தயாரிப்பான ஷெஃபீல்டு ஸ்பீக்கர்களைப் போட்டது. மெஸா தன் பெரிய நான்கு ஸ்பீக்கர் பெட்டியில் செலஸ்டியன் வின்டேஜ் 30 போட்டது. வின்டேஜ் 30-க்கு மேல்நடு ஒலியில் ஒரு மேடு உண்டு. மெஸா பெட்டி சாதாரணப் பெட்டியைவிட அகன்றது, அதன் அடி ஒலியும் தாழ்ந்து இறங்கும். ரெக்டிஃபயர் ஒலி என்று பலர் மனத்தில் பதித்திருப்பதில் கணிசமான பங்கு இந்தப் பெட்டியின் ஒலி. இரண்டு ஆம்பையும் ஒரே பெட்டியில் மாற்றி மாற்றிச் செருகினால் இடைவெளி வியக்கும்படி சுருங்கும். 5150-ஐ மெஸா பெட்டியில் செருகுவது ஸ்டூடியோக்களில் நெடுநாளாக நடக்கும் திருமணம்.

மைக்கும் அப்படியே. ஷ்யூர் எஸ்.எம்.57 மைக்கை ஸ்பீக்கரின் மையத்திலிருந்து ஓர் அங்குலம் விலக்கினால் மாறும் ஒலி, ஆம்பையே மாற்றினால் வரும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். ஸ்வீடனின் ஃப்ரெட்மன் ஸ்டூடியோ பெயரால் வழங்கும் முறையில் இரண்டு 57 மைக்குகள், ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, ஒரே ஸ்பீக்கரைப் பார்க்கும். அதில் சாய்வுக் கோணம்தான் ஈக்வலைசர்.

ஆல்பங்களைச் சாட்சிக்கு அழைக்கும்போதும் கவனம் வேண்டும். கார்ன் குழு ஏழு தந்தி கிட்டாரை மேலும் தாழ்த்தி, ஏழாம் தந்தியை 55 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தில் வைத்து, டிரிபிள் ரெக்டிஃபயரில் வாசித்தது. அந்தப் பரந்த புரளல் அவர்கள் இசைக்கு வேண்டியதாக இருந்தது. 5150-இன் கட்டுப்பாடு அங்கே ஒட்டியிருக்காது. சவுண்ட்கார்டனின் கிம் தாயில், ஃபூ ஃபைட்டர்ஸின் டேவ் க்ரோல் ஆகியோர் கையில் அதே ரெக்டிஃபயர் வேறு ஆளாகத் தெரியும்: கெயின் குறைவு, கார்டுகள் விரிவு, ஒவ்வொரு சுரமும் தனித்தனி. ஆனால் தட்டில் கேட்கும் கனத்த ரிதம் பெரும்பாலும் ஒற்றைக் கிட்டார் இல்லை. இடதும் வலதும் தனித்தனியாக வாசித்து அடுக்கியிருப்பார்கள். கலவையில் கிட்டாரின் அடி ஒலியை வெட்டி, அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்குக் கொடுத்திருப்பார்கள். ஆல்பத்தில் கிட்டாரின் கனம் என்று நாம் கேட்பது பாதிக்குப் பாதி பேஸ் கிட்டாரின் உழைப்பு. அதைக் கேட்டுவிட்டு ஆம்பில் பேஸை ஏற்றுகிறவருக்குச் சேறுதான் மிஞ்சும். இரண்டு ஆம்பையும் அடுக்கிப் பதிகிறவர்களும் இருக்கிறார்கள்: 5150 முன்விளிம்பைக் கொடுக்கும், ரெக்டிஃபயர் உடம்பைக் கொடுக்கும். எனக்கு மிகப் பிடித்த கூட்டு அது.

சத்தத்தின் அளவும் ஏமாற்றும். மனிதக் காது குறைந்த சத்தத்தில் அடி ஒலியையும் மேல் ஒலியையும் குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து வளைகோடுகளாக வெளியிட்டார்கள். ஒரு டெசிபெல் கூடுதல் சத்தம்கூட, சத்தம் என்று தெரியாமல், நல்ல ஒலி என்று தோன்றும். மெல்லிய சத்தத்தில் குழிந்த ஒலியுள்ள ரெக்டிஃபயர் நிறைவாகக் கேட்கும், டிரம்ஸ் சேர்ந்து முழுச் சத்தத்தில் வாசிக்கும்போது காணாமல் போகும். தனியே கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும் 5150 அதே இடத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வரும். ஒப்பிட விரும்புகிறவர் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் நேராக ஒருமுறை பதிந்து, அதே பதிவை இரண்டு ஆம்ப் வழியாகவும் செலுத்தி, ஒரே பெட்டி, அசையாத மைக், சமமான சத்தம் என்று வைத்து, எது எது என்று தெரியாமல் கேட்க வேண்டும். அத்தோடு கையாலும் வாசித்துப் பார்க்க வேண்டும். பதிந்த ஒலி மாறாமல் இருக்கும். கையோ ஆம்புக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ரெக்டிஃபயரில் வாசிக்கிறவர் தெரியாமலே பிக்கை இன்னும் ஓங்கி அடிப்பார், தந்தியை இன்னும் அழுத்தி அடக்குவார்.

5150-இன் பெயரும் மெஸாவின் உரிமையும் கைமாறிவிட்டன. எடி 2004-இல் பீவியைப் பிரிந்தார்; அதே ஆம்ப் 6505 என்று பெயர் மாறியது. 1965 முதல் 2005 வரையிலான பீவியின் நாற்பது ஆண்டுகளைக் குறிக்கும் எண் அது. 5150 என்ற பெயரை எடி தன்னோடு எடுத்துச் சென்று, ஃபெண்டர் தயாரித்த புதிய ஆம்புக்கு வைத்தார். மெஸாவை 2021-இல் கிப்சன் வாங்கியது.

இன்று பெரும்பாலானோர் இவ்விரண்டையும் சந்திப்பது மாடலிங் கருவிகளில், உரிமைச் சிக்கலால் மாறுபெயர்களில். லைன் 6 ஹீலிக்ஸில் 5150-க்கு பி.வி. பனாமா என்று பெயர். ரெக்டிஃபயருக்கு கேலி ரெக்டிஃபயர். அசல் ஆம்பை வைத்திருப்பவர்களும் ஸ்பீக்கருக்குப் பதில் லோடு பெட்டியில் செருகி, கணினியில் கேபினட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன ஃபீட்பேக் கதை இங்கே திரும்ப வேலை செய்கிறது. மலிவான லோடு பெட்டி வெறும் 8 ஓம் மின்தடைதான். அதற்கு ஒத்ததிர்வு கிடையாது, மேல் ஏற்றமும் கிடையாது. 5150 அதில் ஓரளவு தன் குரலிலேயே பேசும். மாடர்ன் நிலையில் உள்ள ரெக்டிஃபயர், தான் சார்ந்திருந்த ஸ்பீக்கரின் மேடுபள்ளம் இல்லாமல், தட்டையாகவும் சன்னமாகவும் ஒலிக்கும். வாங்கியவர் ஆம்பைக் குறை சொல்வார். ஸ்பீக்கரின் மின்மறுப்பு வளைவைப் போலவே நடந்துகொள்ளும் ரியாக்டிவ் லோடு ஒன்றை மாட்டினால், அடி ஒலியும் சீற்றமும் அதே நொடியில் திரும்பிவிடும். ரெக்டிஃபயர் வைத்திருப்பவர் லோடு பெட்டி வாங்குவதானால் கூடுதல் காசு கொடுத்தாவது அந்த வகையை வாங்க வேண்டும். 5150 வைத்திருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை.